மாத்திரைக்குப் பின்னால் ஒரு சுப்பாராவ்

மக்களே, இதை வாசிக்கிற உங்கள்ல நிறைய பேர் இந்த மனுஷனோட உழைப்பை ஒருதடவையாவது தண்ணி ஊத்தி முழுங்கியிருப்பீங்க. பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒருநாள் ஒரு நீல மாத்திரை குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல இரும்புச்சத்தோட சேர்ந்து இருந்தது ஃபோலிக் அமிலம். இன்னொண்ணு, யானைக்கால் தடுப்புன்னு சொல்லி வீட்டு வாசலுக்கே வந்து குடுத்த மாத்திரை. நம்ம மாவட்டத்துல மேற்கே, மலையாளம் கலந்து பேசுற பக்கம், இந்த நோய்க்கு மந்துன்னு பேரு. அந்த மாத்திரையை வாங்கி ஜன்னல் திண்டுல வச்சுட்டு அப்படியே மறந்தவங்களும் உண்டு. அவங்களுக்கும் இந்தக் கட்டுரையில ஒரு சேதி இருக்கு.

இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒருவரே. பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இப்போ அது ஆந்திரா, அப்போ சென்னை மாகாணம்.

படிப்பில் ஆரம்பத்தில் பெரிய சூரர் ஒன்றும் இல்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா ஆள் விட்டுப் பிடித்து, திரும்பப் பள்ளியில் உட்கார வைத்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முயற்சியில். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கலாம். பிறகு மாநிலக் கல்லூரி. துறவியாகப் போகும் எண்ணத்தோடு ராமகிருஷ்ண மடத்தை அணுகியபோது, மருத்துவம் படித்துச் சேவை செய்யும்படி அங்கே வழிகாட்டினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை அங்கியையும் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான்.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்றொரு குடல் நோய். வயிற்றுப்போக்கு நிற்காது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ரத்தம் வற்றி ஆள் உருகிப் போய்விடுவார். சுப்பாராவின் சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் அவர் பறிகொடுத்தார். அவருக்கும் அதே ஸ்ப்ரூ வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் தேறி, அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே கொஞ்சகாலம் உடற்கூறு பாடம் நடத்தினார். ஒரு மருந்து தன்னைக் காப்பாற்றிவிட்டது, ஆனால் அதில் எந்தப் பொருள், உடம்புக்குள் எங்கே போய், என்ன செய்தது என்பது தெரியாது. அவர் பின்னாளில் செய்த வேலையெல்லாம் இந்த இடத்திலிருந்து கிளம்பியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1920-களின் தொடக்கத்தில் மாமனார் செய்த உதவியில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவி சேஷகிரி அப்போது கர்ப்பிணி. பிறந்த மகன் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தான். அப்பா பிள்ளையைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் போனார், திரும்பவில்லை.

ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் இரவு நேரப் பணியாளராக வேலை பார்த்தார். 1925-ல் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறையை வகுத்தார். பயோகெமிஸ்ட்ரி படிக்கிற உங்க தோழி யாரையாவது கேளுங்க, ஃபிஸ்க் சுப்பாராவ் முறைன்னு இன்னிக்கும் லேப்ல பேரு சொல்லுவாங்க. அந்த அளவுகோல் கையில் இருந்ததால்தான் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏ.டி.பி.யையும் இருவரும் பிரித்தெடுத்தார்கள். ஏ.டி.பி.ன்னா பிளஸ் டூ உயிரியலில் செல்லின் எரிசக்தி நாணயம்னு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரும் ஆனார்.

அங்கே முதல் குறி ஃபோலிக் அமிலம். ஈரலில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு வைட்டமின் அது. பிரித்தெடுக்கவே டன் கணக்கில் ஈரல் வேண்டும், அப்போதும் கிடைப்பது சொற்பம். 1945-ல் அவருடைய குழு அதை ரசாயன முறையில் தயாரித்துவிட்டது. அடுத்து டாம் ஸ்பீஸ் என்ற மருத்துவர் அதைக் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஊறியது, பசி திரும்பியது. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்தது.

அடுத்தது யானைக்கால். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்த நோய் தொற்றியதால், அதுவரை நம்ம மாதிரி ஊர்களின் பிரச்சினையாக இருந்தது அமெரிக்காவுக்கும் அவசரமானது. லெடர்லே குழு ஏராளமான சேர்மங்களைச் சோதித்து, டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்தில் வந்து நின்றது. ஹெட்ராசான் என்று பெயரிட்டார்கள்.

இந்தச் சோதனைதான் எனக்குப் பிடித்த பகுதி. யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, உடம்பில் இருக்கும் அளவுக்கு இந்த மருந்தை ஊற்றினால் அவை சாகாது, சும்மா நெளிந்துகொண்டே இருக்கும். குழாயை மட்டும் நம்பியிருந்தால் மருந்தைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். ஆனால் புழு தொற்றிய பருத்தி எலிகளுக்கும் பிறகு நாய்களுக்கும் கொடுத்தபோது, ரத்தத்திலிருந்து குஞ்சுகள் மளமளவென மறைந்தன. மருந்து பட்ட குஞ்சுகளை உடம்பின் காவல் அணுக்களே, முக்கியமாக ஈரலில் வைத்து, பிடித்து அழிக்கின்றன. அதாவது பாதி வேலை மருந்துடையது, மீதி நம்முடையது. அந்தப் பாதி எப்படி நடக்கிறது என்பது இன்றைக்கும் முழுசாகத் தெளிவாகவில்லை.

சிவில் நண்பர்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தால் ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். டிராயிங் இருக்கு, பொருளோட பலம் தெரியும். உடம்புக்கு அப்படி ஒரு முழு டிராயிங் யாரிடமும் இல்லை. அதனால்தான் குழாய், விலங்கு, பிறகு கொஞ்சம் மனிதர்கள், பிறகு நிறைய மனிதர்கள் என்று படிப்படியாகப் போகிறார்கள். ஹெட்ராசான் 1947-ல் போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது, வேலை செய்தது.

இப்போ ஜன்னல் திண்டு ஆட்களுக்கான சேதி. அந்த மாத்திரை போட்டால் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, அரிப்பு வரும். உடனே மருந்து சரியில்லைன்னு தெருவெல்லாம் பேச்சு பரவிரும். பெரும்பாலும் நடப்பது வேறு. ரத்தத்தில் குஞ்சுகள் நிறைய இருப்பவருக்கு அவை மொத்தமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது. கால் வீங்காமல், எந்த அறிகுறியும் இல்லாமல், வருஷக்கணக்கில் புழுவைச் சுமப்பவர்கள் உண்டு. குஞ்சுகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால்தான் சுகாதாரத் துறை ஆட்கள் ஊர் தூங்குற நேரத்தில் விரல் குத்த வர்றாங்க. அடைந்த வீக்கத்தை இந்த மாத்திரை கரைக்காது. கொசு வழியாக அடுத்த வீட்டுக்குப் பரவுவதைத்தான் நிறுத்தும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையாக நோயுற்றவர்களுக்கும் கொடுப்பதில்லை.

கடைசியாக ரத்தப் புற்றுநோய். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். ஃபோலிக் அமிலம் ரத்தத்தை ஊறவைக்கிறதே, ரத்தப் புற்றுநோய்க்கும் உதவும் என்று நினைத்து, சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்த ஃபோலிக் அமிலச் சேர்மங்களை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் வேகமெடுத்தது போலத் தெரிந்தது. ஸ்ப்ரூக்காரருக்கு அமிர்தமாக இருந்தது இங்கே புற்றணுக்களுக்குத் தீனியாகிவிட்டது.

ஃபார்பர் அதைத் தலைகீழாக யோசித்தார். தீனி போட்டால் வளர்கிறது என்றால், தீனியை மறித்தால்? சுப்பாராவின் ஆட்கள் ஃபோலிக் அமிலத்தின் வடிவத்தை லேசாக மாற்றி அமினோப்டெரின் செய்து கொடுத்தார்கள். டி.என்.ஏ. கட்ட ஃபோலிக் அமிலத்தை ஒரு நொதி பக்குவப்படுத்த வேண்டும். இந்தப் போலி அந்த நொதியில் போய் இறுகி மாட்டிக்கொள்ளும், கள்ளச்சாவி பூட்டுக்குள்ள சிக்கிக்கிட்ட மாதிரி. வேகமாகப் பெருகும் அணுக்கள்தான் முதலில் பட்டினி கிடக்கும். புற்றணு மட்டுமல்ல, எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடல், முடிவேர் எல்லாமே வேகமாகப் பெருகுகிறவைதான். வாய்ப்புண்ணும் முடி கொட்டுவதும் அங்கிருந்துதான் வருகின்றன. அதனால் பக்கவிளைவு என்ற சொல்லே எனக்குச் சரியாகப் படவில்லை. மருந்து செய்வது ஒரே வேலை, இடம்தான் வேறு வேறு.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். அது நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத இன்னொரு குழுவும் இல்லை. சளிக்கு மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடாட்டி ஒரு வாரம்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல, அப்படித் தானாகத் தீரும் நோய் என்றால் ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனைக்கு மதிப்பே கிடையாது. ஆனால் இது வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தையைக் கொன்றே தீரும் நோய். படுத்த படுக்கையாக இருந்த பிள்ளை எழுந்து விளையாடினால் அது தற்செயல் இல்லை. அந்தத் தாய் தகப்பன்கள் கொடுத்த சம்மதத்தின் கனத்தை இன்றைய சட்டங்கள் கொஞ்சமாவது உணர்ந்திருக்கின்றன. இந்தியாவில் இப்போது மனிதர்களிடம் புதிய மருந்தைச் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எழுத்துபூர்வமான ஒப்புதலும் வேண்டும், தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

அந்தக் கட்டுரை வந்த இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமையை அவர் கடைசிவரை வாங்கவில்லை. சேஷகிரி இங்கே இருபத்தைந்து வருஷம் காத்திருந்தது வீணானது.

அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டும் அவருடைய கூடத்தில் பிறந்ததுதான். கருவுறுதலோடு சேர்ந்து வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை அது மட்டுமே குணமாக்குவதை 1950-களில் அமெரிக்காவில் கண்டார்கள். குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் அது இன்று சாதாரணமாக எழுதப்படுகிறது. அங்கே வாரத்துக்கு ஒரே ஒருநாள்தான், இடையில் வேறொரு நாளில் ஃபோலிக் அமிலமும் சேர்த்துத் தருவார்கள். வாரம் ஒருமுறை என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, மஜ்ஜை வற்றி இறந்தவர்கள் இருக்கிறார்கள். உங்க வீட்டுல ஆச்சிக்கோ சித்திக்கோ இந்த மாத்திரை வாங்கி வச்சிருந்தா, டாக்டர் எந்தக் கிழமைன்னு எழுதியிருக்காருன்னு சீட்டை எடுத்து ஒருதடவை வாசிச்சுக் காட்டுங்க.