மகன் கொலையைக் கண்ட மகாராணி

ரோமாபுரியின் பழைய வெள்ளிக் காசுகள் சிலவற்றில், அலை அலையான கூந்தலும் பெரிய கொண்டையுமாக ஒரு பெண் முகம் இருக்கும். அவள்தான் ஜூலியா டோம்னா.

சிரியா நாட்டில் எமெசா நகரத்துப் பூசாரியின் மகள் அவள். கணவர் செப்டிமியஸ் செவரஸ், கி.பி. 193-ல் சக்கரவர்த்தி ஆனார். காரகல்லா, கேட்டா என இரண்டு பிள்ளைகள்.

211-ல் செவரஸ் இறந்தார். அதே ஆண்டில், தாயின் மடியில் தஞ்சம் புகுந்த தம்பியை அண்ணன் கொல்லச் செய்தான்! தாய் அழுவதற்கும் தடை!

முதலில் வந்த காசுகளில் ஜூலியா டோம்னா ஆகஸ்டா என்று பெயர் இருக்கும். பிறகு, ஜூலியா ஆகஸ்டா. காரகல்லா ஆட்சியில் பியா, பெலிக்ஸ் என்ற பட்டங்கள் சேர்ந்தன. பொருள்: பாசம் மிக்கவள், பாக்கியவதி!

217-ல் காரகல்லாவும் கொல்லப்பட்டான். அந்தப் "பாக்கியவதி" அந்தியோக்கியாவில் பட்டினி கிடந்து உயிர் துறந்தாள்.