ஊஞ்சலை ஆராய்ந்த அம்மையார்

வரலாறு என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவர்கள் யார்? முடிசூடிய மன்னர்கள், படை நடத்திய தளபதிகள், விடுதலைக்கு உழைத்த தலைவர்கள். இவர்தம் வரலாற்றைப் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண் பெறுகிறோம், பிறகு மறந்தும் போகிறோம். ஆனால் ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு நம் வீட்டு உத்திரத்தில் கயிறாகத் தொங்கினால், அவரை மறக்க முடியுமா? வரலாறு பயிலும் மாணவனாகிய நான், பாடநூலில் காணாத, ஆனால் நாள்தோறும் என் வீட்டுக் கூடத்தில் நினைவுக்கு வரும் ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறேன். அவர் பெயர் அன்னா ஜீன் ஏயர்ஸ்.

என் தம்பி

முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு வயது ஒன்பது. ஆட்டிசம் உடையவன்; தமிழில் மதியிறுக்கம் என்பார்கள். பேச்சு மிகக் குறைவு. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடுவான், நின்ற இடத்திலேயே குதிப்பான், தன்னைத்தானே சுற்றுவான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். புதுச் சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டு அவனுக்கு முள்ளாகக் குத்தும்.

உறவினர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், இறுதியில் அம்மாவைப் பார்ப்பார்கள். பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்பது அந்தப் பார்வையின் பொருள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விடுவார். அந்த மௌனத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

தம்பிக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி ஆசிரியை ஒருவர்தாம் ஏயர்ஸ் அம்மையாரின் பெயரை எனக்கு முதன்முதலில் சொன்னார். தொழில்வழிச் சிகிச்சை என்று அத்துறையைத் தமிழில் கூறலாம். தம்பி ஏன் சுற்றுகிறான் என்று நான் கேட்டதற்கு, அவர் விடையாக ஒரு நூலைக் கையில் கொடுத்தார்.

தோட்டத்துப் பெண்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் விசாலியா என்னும் ஊர் உள்ளது. அங்கே 1920ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் பிறந்தார் ஏயர்ஸ். அக்ரூட் மரங்கள் நிறைந்த தோட்டத்தில் வளர்ந்த பெண் அவர். இளமையில் உடல்நலக் குறைவும் கற்றலில் சில இடர்ப்பாடுகளும் அவருக்கு இருந்தன. காலில் முள் தைத்தவருக்கே முள்ளின் வலி தெரியும். பிற்காலத்தில் அவர் எத்தகைய குழந்தைகளுக்காக உழைத்தாரோ, அக்குழந்தைகளின் துன்பத்தை ஓரளவு தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர்.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்வழிச் சிகிச்சை பயின்று 1945இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். நோயுற்றோரும் ஊனமுற்றோரும் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பழக்குவது அத்தொழில். பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது, எழுதுகோல் பிடிப்பது ஆகியவை எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் ஏயர்ஸின் உள்ளம் அதனோடு நிறைவடையவில்லை. பார்வை தெளிவாக இருக்கிறது, காது கேட்கிறது, கை கால்களில் ஊனமில்லை, அறிவிலும் குறைவில்லை. அப்படியிருந்தும் ஒரு குழந்தை ஏன் படி ஏற அஞ்சுகிறது? ஏன் பிறர் தொட்டால் சீறுகிறது? ஏன் எழுத்தைத் திருப்பி எழுதுகிறது? கையை மட்டும் பழக்கினால் போதாது. கையை ஏவும் மூளையையும் அறிய வேண்டும் என்று அவர் துணிந்தார். வேலை செய்துகொண்டே படித்தார். 1954இல் முதுகலைப் பட்டமும், 1961இல் கல்வி உளவியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். டாக்டர் பட்டம் பெற்றதும் பலர் புத்தகத்தை மூடி வைப்பர். அம்மையாரோ 1964 முதல் 1966 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மூளை ஆராய்ச்சி நிலையத்தில் மீண்டும் மாணவியாக அமர்ந்தார்.

மறைந்திருக்கும் புலன்கள்

புலன்கள் ஐந்து என்று நாம் படித்திருக்கிறோம். ஏயர்ஸ் அம்மையார் தொடுவுணர்வோடு, நாம் எண்ணிப் பார்க்காத வேறு இரண்டையும் முன்னிறுத்தினார். அவற்றுள் ஒன்று, உட்காதில் உள்ள சமநிலைப் புலன். அங்கே நீர்மம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை சுழல்வதை அவை உணர்த்தும். அவற்றின் அருகே நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் தாங்கிய இரு பைகள் உள்ளன. முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைவதையும், புவியின் ஈர்ப்பையும் அவை உணர்த்தும். மற்றொன்று, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு நம் மூக்கைத் தொட முடிகிறதே, அது இவ்வுணர்வின் உதவியால்தான்.

இப்புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்து ஒழுங்கு செய்கிறது. அவ்வொழுங்கு கூடாதபோது குழந்தையின் நடத்தையும் கற்றலும் தடுமாறுகின்றன என்பது அவர் கொள்கை. புலன் ஒருங்கிணைப்பு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். 1972இல் இக்கொள்கையை விளக்கி ஒரு பெருநூல் வெளியிட்டார். குழந்தைகளைச் சோதித்தறியும் முறைகளையும் வகுத்தார். 1975இல் வெளியான ஒரு சோதனையில், சுழலும் பலகையில் குழந்தையை உட்காரவைத்து, இருபது நொடியில் பத்துச் சுற்றுச் சுற்றி நிறுத்துவார்கள். நின்றபின் கண்மணிகள் எவ்வளவு நேரம் அசைகின்றன என்று கணக்கிடுவார்கள். சிறுவர்கள் விளையாட்டாகச் சுற்றுவதை அறிவியல் அளவுகோலாக்கிய திறனை என்னென்பது!

ஆடுகளமான மருத்துவக்கூடம்

1970களில் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஏயர்ஸ் தம் மருத்துவக்கூடத்தை நிறுவினார். மருத்துவக்கூடம் என்றால் மருந்து நெடியும் ஊசியும் நினைவுக்கு வரும். அவர் முறையில் நடக்கும் கூடத்தில் அவை இல்லை. கூரையிலிருந்து ஊஞ்சல்கள் தொங்கும். உருளைத் திண்டு போன்ற ஊஞ்சல் ஒன்று. குழந்தை குதிரைமேல் அமர்வதுபோல் அமர்ந்து கட்டிப்பிடித்து ஆடலாம். வலைத் தொட்டில் ஒன்று. குப்புறப் படுத்துப் பறக்கலாம். நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை ஒன்று. அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்துச் சரிவுப் பலகையிலிருந்து சறுக்கி வரலாம். உள்ளே புகுந்து உருள்வதற்குப் பீப்பாய், ஏறிப் படுப்பதற்குப் பெரிய பந்து.

பார்ப்பவர்க்கு விளையாட்டு, அறிந்தவர்க்கு மருத்துவம். குப்புறப் படுத்துச் சறுக்கும்போது குழந்தை தலையையும் கால்களையும் தூக்க வேண்டியிருக்கிறது; கழுத்தும் முதுகும் வேலை செய்கின்றன; உட்காது வேகத்தை உணர்கிறது. எளிதாகவும் இல்லாமல், முடியாததாகவும் இல்லாமல், சற்றே முயன்றால் எட்டும் வேலையைக் குழந்தைக்குத் தருவதே ஆசிரியரின் கலை.

இக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கருவியில் ஏறுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தையின் விருப்பமே வழிநடத்த வேண்டும். பெரியவர் இடத்தை ஒழுங்கு செய்யலாம்; ஆசை காட்டலாம்; உடன் விளையாடலாம்; வலிந்து திணிக்கக் கூடாது. சுழற்சியும் ஆட்டமும் மூளையை வலுவாகத் தாக்கக் கூடியவை. பயிற்சி இல்லாதவர் அளவின்றிக் கொடுத்தால் தீங்கு நேரும் என்றும் அம்மையார் எச்சரித்தார்.

நான் செய்த பிழை

இந்த எச்சரிக்கையைப் படிப்பதற்கு முன்பே நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தச்சரைக் கொண்டு உத்திரத்தில் வலுவான கொக்கி அடித்து, தம்பிக்கு ஊஞ்சல் கட்டியிருந்தோம். பாட்டி காலத்துத் தேக்குப் பலகை. ஆடினால் அவன் அமைதியடைவதைக் கண்டோம். கொஞ்சம் ஆடியதற்கே இவ்வளவு பயன் என்றால், நிறையச் சுற்றினால் எவ்வளவு பயன் கிட்டும் என்று நான் கணக்குப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம். கயிற்றை முறுக்கி முறுக்கி விட்டேன். தம்பி சிரித்தான். மீண்டும் முறுக்கினேன். அரை மணி நேரம். நடுவில் அவன் சிரிப்பு நின்றதை நான் கவனிக்கவில்லை. இறங்க அவன் காலை நீட்டியதைக்கூட விளையாட்டென்றே எண்ணினேன்.

அன்று மாலை அவன் முகம் வெளுத்தது. வாந்தி எடுத்தான். இரவெல்லாம் உறங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். அம்மா அவனை மடியில் கிடத்திக்கொண்டு விடிய விடிய அமர்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பேசத் தெரியாத தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அதன்பின் மூன்று வாரம் அவன் ஊஞ்சல் பக்கமே வரவில்லை.

நூலைப் படித்த அன்றுதான் உண்மை விளங்கியது. அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. இனி அவன் காலை நீட்டினால் நிறுத்திவிடு என்று மட்டும் சொன்னார். ஏயர்ஸ் அம்மையார் பல்லாண்டு ஆய்ந்து கண்ட முடிவை, அவர் பெயரையே கேட்டறியாத என் அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

பழி சுமந்த அன்னையர்

ஆட்டிசத்தை 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளின் நிலையைக் கொண்டு விளக்கினார். அதன்பின் பல ஆண்டுகள், அன்னையின் அன்பு குளிர்ந்திருப்பதே இதற்குக் காரணம் என்னும் கொடிய கருத்து மேலைநாடுகளில் பரவியிருந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அக்கருத்தைப் பலர் உள்ளத்தில் பதித்தது. உறவினர் பார்வையில் என் அம்மா சுமந்த அதே பழியை, கடல் கடந்த நாட்டு அன்னையர் அறிஞர் பெயரால் சுமந்தனர்.

அக்காலத்தில் ஏயர்ஸ் தேடியது தாயின் உள்ளத்தில் உள்ள குற்றத்தை அன்று; குழந்தையின் நரம்பு மண்டலத்தில் உள்ள காரணத்தை. 1979இல் பெற்றோர்க்கென்றே அவர் எழுதிய நூலில் ஆட்டிசம் உடைய குழந்தைக்கெனத் தனி அதிகாரம் உண்டு. ஓடுவதும் சுற்றுவதும் அடங்காத்தனம் அல்ல. தேவைப்படும் உணர்வை உடல் தேடுகிறது என்னும் பார்வையை அது பெற்றோர்க்குத் தந்தது. ஒலிக்கு அஞ்சுவதும், தொட்டால் விலகுவதும், மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் கையேட்டில் 2013இல் சேர்க்கப்பட்டன. அம்மையார் அதைக் காண உயிரோடு இல்லை. புற்றுநோயோடு போராடி 1988ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், தம் 68ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வகுத்த பதினேழு சோதனைகளின் தொகுப்பு மறு ஆண்டில்தான் அச்சேறியது.

புகழும் அளவும்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் புகழ்மாலை மட்டும் சூட்டுதல் முறையன்று. அம்மையாரின் ஆய்வுகள் சிறியவை என்னும் குறை அவர் காலத்திலேயே எழுந்தது. 1980இல் ஆட்டிசம் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் பத்துக் குழந்தைகளே. தொடுதலுக்கும் அசைவுக்கும் மிகையாக எதிர்வினை காட்டிய குழந்தைகள் பயிற்சியால் நன்கு பயன்பெற்றனர். உணர்வே பதியாதவர்கள் அவ்வளவு பயன்பெறவில்லை என்று அவரே எழுதினார். எல்லார்க்கும் ஒரே மருந்து என்று அவர் பறை சாற்றவில்லை.

2014இல் 32 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நற்பயன் கண்டது. 2022இல் வெளியான பிரிட்டன் நாட்டு ஆய்வு 138 குழந்தைகளைக் கொண்டது. வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவான மேம்பாடு எதையும் அது காணவில்லை. ஆகவே, ஊஞ்சல் ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று கூறிப் பெருந்தொகைக்குக் கருவி விற்பவர் வந்தால், பெற்றோர் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பவை எளியவை. அந்தத் தேக்கு ஊஞ்சல், கீழே இலவம்பஞ்சு மெத்தை. நான்கு சக்கரம் பூட்டிய பலகை. பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளி. சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தம்பி தள்ளிக்கொண்டு போகும் ஐந்து கிலோ அரிசிப் பை. கொக்கியையும் கயிற்றையும் வாரந்தோறும் நானே இழுத்துப் பார்க்கிறேன். தம்பி தனியே ஆடும்படி விடுவதில்லை. எதை எப்போது செய்வது என்பதைப் பயிற்சி ஆசிரியையைக் கேட்டே செய்கிறோம்.

இவற்றால் தம்பி பேசிவிட்டானா? இல்லை. குக்கர் விசிலுக்கு இன்னும் அலறுகிறான். ஆனால் ஆடி முடித்தபின் பத்து நிமிடம் அமர்ந்து சோறு உண்கிறான். அவன் காலை நீட்டினால் நான் நிறுத்துகிறேன். இப்போது அவனே என் கையைப் பற்றி ஊஞ்சலுக்கு அழைத்துப் போகிறான். மூன்று வாரம் என்னை நம்பாதிருந்த கை அது.

நண்பர்களே! உங்கள் தெருவிலும் ஓடும் குழந்தை, சுற்றும் குழந்தை, காதைப் பொத்தும் குழந்தை ஒன்று இருக்கலாம். அக்குழந்தையின் தாயைக் குற்றம் சாட்டும் கண்ணோடு பார்க்காதீர்கள். இந்தக் குழந்தை எதைத் தேடுகிறது என்னும் வினாவோடு பாருங்கள். அந்த ஒரு வினாவுக்காகவே வாழ்நாள் முழுதும் உழைத்த ஏயர்ஸ் அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே. வாழ்க அவர் புகழ்!