வீடு வீடாகச் சென்று உண்மை தேடியவர்!

குழந்தைகளே! உங்கள் வகுப்பில் எல்லாரும் ஒருவருக்கொருவர் பெயர் அட்டை கொடுத்து விளையாடுகிறீர்கள். நீங்களும் ஆசையாக ஒரு அட்டையை நீட்டுகிறீர்கள். உங்கள் அட்டையை மட்டும் ஒரு மாணவி வாங்க மறுத்து விடுகிறாள். நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அப்போது உங்கள் மனம் என்ன பாடுபடும்?

அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்கு உண்மையிலேயே இப்படி நடந்தது. மறுத்தவள் பள்ளிக்குப் புதிதாக வந்த மாணவி. காரணம், அவனுடைய தோலின் நிறம்! தனக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை தொங்குகிறது என்பது அன்றுதான் அவனுக்குப் புரிந்தது.

அந்தச் சிறுவன் யார் தெரியுமா? பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சமூகவியல் அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ்தான் அவர்.

சமூகவியல் என்றால் என்ன? விலங்குகளைப் பற்றிப் படிப்பது விலங்கியல். மனிதர்கள் கூடி வாழும் விதத்தை ஆராய்வது சமூகவியல். சிலர் வசதியாகவும் சிலர் வறுமையிலும் இருப்பது ஏன், சிலரைச் சிலர் ஒதுக்குவது ஏன் என்றெல்லாம் அது கேள்வி கேட்கும்.

டு பாய்ஸ் 1868 பிப்ரவரி 23ம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். தாய் மேரி வீட்டு வேலை செய்து மகனை வளர்த்தார். பக்கவாதம் வந்து உடல் தளர்ந்த பிறகும், மகனின் படிப்பை அவர் நிறுத்தவில்லை. மகனும் கிடைத்த சிறு சிறு வேலைகளைச் செய்து குடும்பத்துக்கு உதவினான்.

அட்டையை மறுத்த மாணவியிடம் அவன் சண்டைக்குப் போகவில்லை. தேர்விலும் ஓட்டப் பந்தயத்திலும் மற்றவர்களை முந்திக் காட்டினான். பள்ளிப் படிப்பு முடிந்த சில மாதங்களில் தாய் இறந்து போனார். ஊர் மக்களும் தேவாலயங்களும் பணம் திரட்டி உதவ, டென்னசி மாநிலத்தில் இருந்த பிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு ஹார்வர்டு, ஜெர்மனியின் பெர்லின் என்று படிப்பு தொடர்ந்தது. 1895ம் ஆண்டு ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்!

அடுத்த ஆண்டு அவருக்கு ஒரு வேலை வந்தது. பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் கறுப்பின மக்கள் நிறையப் பேர் வசித்தனர். அங்கே வறுமையும் குற்றங்களும் அதிகம். இதற்கெல்லாம் அந்த மக்களின் குணமே காரணம் என்று நகரத்தில் பலர் நினைத்தனர். நேரில் போய்ப் பார்க்காமல், விசாரிக்காமல், ஒரு கூட்டத்தைப் பற்றி முன்கூட்டியே முடிவு கட்டுவதற்குத் 'தப்பெண்ணம்' என்று பெயர்.

டு பாய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? மனைவி நீனாவுடன் அந்த வார்டிலேயே ஓர் அறையில் குடியேறினார். கையில் கேள்வித்தாளுடன் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். வயது என்ன, எந்த ஊரில் பிறந்தீர்கள், என்ன வேலை, வாடகை எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக் கொண்டார். தங்களை ஏதோ வினோதப் பிராணி போல ஆராய்வது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் சளைக்கவில்லை. ஏறக்குறைய 2,500 குடும்பங்களை அவர் ஒருவராகவே சந்தித்தார்! இப்படி மக்கள் வாழும் இடத்துக்கே போய் விவரம் திரட்டுவதைத்தான் 'கள ஆய்வு' என்கிறார்கள்.

ஆய்வில் என்ன தெரிந்தது? கறுப்பின மக்களுக்கு நல்ல வேலைகளின் கதவுகள் மூடியிருந்தன. கூலி குறைவு, வாடகையோ அதிகம். பொறியியல் பட்டம் பெற்ற ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும், சில மணி நேரத்திலேயே வெளியே அனுப்பி விட்டார்கள்! கடைசியில் அவர் உணவு பரிமாறுபவராக வேலை பார்த்தார். திறமை இருந்தும், பிறப்பைக் காரணம் காட்டி வாய்ப்பைப் பறிப்பதுதான் 'பாகுபாடு'.

இன்னொன்றையும் அவர் காட்டினார். கறுப்பின மக்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. அவர்களிலும் வசதியானவர்கள், உழைத்துப் பிழைப்பவர்கள், பரம ஏழைகள் என்று பல படிகள் இருந்தன. இதைச் 'சமூக அடுக்குகள்' என்பார்கள். ஒருவரைப் பார்த்துவிட்டு எல்லாரையும் எடை போடுவது எவ்வளவு தவறு பாருங்கள்! இந்த ஆய்வு 1899ல் புத்தகமாக வந்தது.

உண்மைகளை எடுத்துச் சொன்னால் போதும், மக்கள் திருந்தி விடுவார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையும் அதே ஆண்டில் ஆட்டம் கண்டது. அப்போது அவர் அட்லாண்டா நகரில் பேராசிரியர். அந்த மாநிலத்தில் ஒரு கறுப்பின மனிதர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. உண்மை நிலையை விளக்கிக் கடிதம் எழுதிக்கொண்டு, நாளிதழ் அலுவலகத்தை நோக்கி நடந்தார் டு பாய்ஸ். போகும் வழியிலேயே, நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமல் ஒரு கும்பல் அந்த மனிதரைக் கொடூரமாகக் கொன்றுவிட்ட செய்தி கிடைத்தது. கடிதத்தைக் கொடுக்காமலேயே வீடு திரும்பினார். அடுத்த மாதம், இரண்டு வயதுகூட நிரம்பாத அவரது மகன் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான்.

துயரத்தில் அவர் முடங்கி விடவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதை ஊரறியச் சொல்லிப் போராடவும் வேண்டும் என்று உறுதி கொண்டார். 1900ம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மாணவர்களுடன் சேர்ந்து சுமார் 60 வண்ண வரைபடங்களைத் தயாரித்தார். கறுப்பின மக்களின் படிப்பு, தொழில், சொத்து எல்லாம் அவற்றில் கோடுகளாகவும் வட்டங்களாகவும் பளிச்சென்று தெரிந்தன. கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால் வரைந்தவை!

1903ல் அவர் எழுதிய புத்தகத்தில் 'இரட்டை உணர்வு' என்ற கருத்தை விளக்கினார். நம்மை நாம் அறிவது ஒன்று; நம்மை இழிவாக நினைப்பவரின் கண்ணால் நம்மையே பார்த்துக்கொள்வது இன்னொன்று. ஒதுக்கப்பட்டவரின் மனதில் இந்த இரண்டும் மோதிக்கொண்டே இருக்கும் என்றார். பெயர் அட்டையை நீட்டிய அந்தச் சிறுவனின் வலிதான் இது, இல்லையா?

கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909ல் தொடங்கிய தேசியச் சங்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அதன் மாத இதழுக்கு 1910 முதல் 1934 வரை ஆசிரியராக இருந்தார். முதல் இதழ் 1,000 பிரதிகள். பத்தே ஆண்டுகளுக்குள் 1,00,000 பிரதிகளைத் தாண்டியது!

உங்களைப் போன்ற குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. கொடுமைச் செய்திகளை மட்டுமே படித்தால் பிஞ்சு மனதில் வெறுப்பு வளருமே என்று கவலைப்பட்டார். 1920ல் கதை, பாட்டு, புதிர், சாதனையாளர்களின் வாழ்க்கை எல்லாம் கலந்து ஒரு சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் அது வெளிவந்தது.

கடல் கடந்தும் அவர் பெயர் பரவியது. 1946ல் நம் நாட்டிலிருந்து டாக்டர் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமைக்கு ஆளான மக்களின் நிலையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அதில் குறிப்பிட்டார். டு பாய்ஸும் அன்போடு பதில் எழுதினார்.

1961ல், 93 வயதில், ஆப்பிரிக்க நாடான கானாவுக்குச் சென்றார். ஆப்பிரிக்கா பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்கும் பணி அங்கே காத்திருந்தது. 1963 ஆகஸ்ட் 27ம் தேதி அக்ரா நகரில் காலமானார். மறுநாள் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் சம உரிமை கேட்டுத் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் புகழ்பெற்ற உரையை ஆற்றியது அந்தக் கூட்டத்தில்தான். அங்கே டு பாய்ஸின் மறைவுச் செய்தியும் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில், நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

குழந்தைகளே! அந்தத் தெருக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டி விடாதீர்கள். அங்கே போய்ப் பார்த்தீர்களா, எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வகுப்பில் யாராவது ஆசையோடு ஒரு அட்டையை நீட்டினால், இரண்டு கைகளாலும் வாங்கிக் கொள்ளுங்கள்!