எட்மண்டு பர்க்கும் பிரிஸ்டல் நகரத்தாரும்

தேர்தலில் நிற்கும் அபேட்சகரின் குணத்தை நாம் எங்ஙனம் அறிவது? எட்மண்டு பர்க்கின் சரிதை இதற்கோர் உரைகல்லாகும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்த இவர், 1774-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தாரால் பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். வெற்றி கிட்டிய அன்றே, பிரதிநிதியானவன் வாக்களித்தோரின் விருப்பத்தை மதிப்பினும் தன் பகுத்தறிவையும் மனச்சான்றையும் அதற்குப் பலியிடலாகாது என்று அவர்கட்கு வெளிப்படையாய் உணர்த்தினார்.

1778-இல் அக்கொள்கை சோதனைக்குள்ளாயிற்று. அயர்லாந்தின் வாணிகத்தை நெருக்கிய தடைகளைத் தளர்த்தும் மசோதாக்களைப் பர்க் ஆதரித்தார். போட்டிக்கு அஞ்சிய பிரிஸ்டல் வணிகர் சினந்தனர். கத்தோலிக்கரை ஒடுக்கிய சில கொடுஞ் சட்டங்களை நீக்க அவர் துணைநின்றதும் பலருக்குக் கசந்தது. 1780-இல் மீண்டும் தேர்தல் வந்தது. பர்க் பிரிஸ்டல் நகர மண்டபத்தில் நின்று தம் செயல்களுக்குரிய நியாயங்களை எடுத்துரைத்தார், மன்னிப்புக் கோரினாரல்லர். தோல்வி திண்ணமென்று கண்டதும் போட்டியினின்று விலகினார்.

அவர்பால் குறையே இல்லையென்று நாம் கூறோம். தம் தொகுதிக்கு அவர் அரிதாகவே சென்றார். ஆயினும், பதவி போவதறிந்தும் அயலார்க்கு நீதி வழங்கத் துணிந்த உள்ளம் எளிதிற் கிட்டுவதன்று. 1797-இல் பர்க் மறைந்தார். 1894-இல் அதே பிரிஸ்டல் நகரில் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது.

ஆதலின், அபேட்சகர் நமக்கு யாது தருவார் என்று மட்டும் வினவாது, நம் சினத்துக்கு அஞ்சி நீதியைக் கைவிடுவாரோ என்றும் ஆராய்வோமாக.