வெற்றிக் கணக்கில் ஏறாத வீரர் அமர் சிங்

மட்டாஞ்சேரியில் குஜராத்தி வீதி வழியே நடந்து செல்லாத தமிழர் நம்முள் இரார். அங்கு வாழும் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் கச்சும் சௌராஷ்டிரமும் ஆகும். அந்தச் சௌராஷ்டிரத்து ராஜகோட்டில் 1910 டிசம்பரில் பிறந்தவர் அமர் சிங். கொச்சிக்கோட்டைப் பரேடு மைதானத்தில் பந்தெறியும் நம் சிறுவர்களுக்கு அவர் பெயர் தெரியாதெனில், அது சொல்லாத நம் குறையே.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. அணியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கிய பந்து வீச்சாளர் பேரிலேயே பதியப்படும். வாஷிங்டன் அணியின் வால்டர் ஜான்சனுக்கு 417 வெற்றி, 279 தோல்வி. ஏறக்குறைய நூற்றுக்கு 60. நியூயார்க் யாங்கீஸ் அணியின் வைட்டி ஃபோர்டுக்கு 236 வெற்றி, 106 தோல்வி, நூற்றுக்கு 69. எனினும், ஜான்சன் பல ஆண்டுகள் எளிய அணிக்கு வீசினார். ஃபோர்டின் பின்னால் நின்றதோ வலிமை மிக்க படை.

இந்த அளவுகோலால் அமர் சிங்கை அளந்தால் கிடைப்பது பூஜ்யமே. 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய 7 டெஸ்டுகளிலும் அவர் ஆடினார். தோல்வி 5, முடிவின்றிப் போனவை 2. உடன் வீசிய வேகப் பந்து வீச்சாளர் முகம்மது நிசார் 6 டெஸ்டுகளில் 25 விக்கெட்டுகள் எடுத்தார். அமர் சிங் 28. நிசாருக்கும் வெற்றி பூஜ்யமே. இருவருள் ஏற்றத்தாழ்வு காண இக்கணக்கு உதவாது.

1932 ஜூனில், லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் நடந்தது. அமர் சிங் இரு இன்னிங்ஸிலும் இரண்டிரண்டு விக்கெட்டுகள் வீழ்த்தினார். தோல்வி நெருங்கிய வேளையில் மட்டையேந்தி 51 ஓட்டங்கள் குவித்தார். டெஸ்டில் இந்திய அணிக்காக அடிக்கப்பட்ட முதல் அரைச் சதம் அது. அடித்தவரோ பந்து வீச்சாளர்! பின்னர் லங்காஷயரின் கோல்ன் சங்கம் அவரை ஊதியத்துக்கு அமர்த்திக் கொண்டது.

1934 பிப்ரவரியில் இங்கிலாந்து அணி சென்னை சேப்பாக்கத்துக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் நிசார் இல்லை. பாரமெல்லாம் அமர் சிங் தோளில் விழுந்தது. 44 ஓவர்களுக்கு மேல் சளைக்காது வீசி, 86 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆயினும் நம் மட்டையாளர்கள் 145 ஓட்டங்களில் சுருண்டனர். இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி அவ்வாட்டத்தில் 11 விக்கெட்டுகள் எடுத்தார்; அவர் பக்கமே வெற்றி. 1936இல் லார்ட்ஸிலும் அதே கதை. அமர் சிங் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுக்க, இங்கிலாந்து 134இல் அடங்கியது. இந்தியாவுக்கு 13 ஓட்டங்கள் முன்னிலையும் கிடைத்தது. மறு இன்னிங்ஸில் நம்மவர் 93க்கு ஆட்டமிழந்தனர்! பந்து வீசியவர் இதற்கு மேல் என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர் வெற்றியே காணாதவரும் அல்லர். 1937-38இல் டென்னிசன் பிரபுவின் அணி வந்தபோது ஐந்து ஆட்டங்களில் 36 விக்கெட்டுகள் எடுத்தார். அவற்றுள் இரண்டில் இந்தியா வென்றது. ஒன்று அதே சேப்பாக்கத்தில், ஓர் இன்னிங்ஸும் 6 ஓட்டங்களும் வித்தியாசத்தில். ஆனால் அவை அதிகாரபூர்வமான டெஸ்டுகள் அல்ல. ஆகவே ஏட்டில் ஏறவில்லை. முதல்தர ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து அவர் எடுத்தவை ஐந்நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள். விக்கெட்டுக்குச் சராசரி 18.35 ஓட்டங்கள். அவரது தகுதியை அறிய நாம் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே எனக் கருதுகிறோம்.

1940 மே மாதத்தில் ஜாம்நகரில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் மறைந்தார். வயது 29.

நவநகர் அணியில் அவருடன் ஆடிய இளைஞர் வினு மன்கட். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அவர் 12 விக்கெட்டுகள் வீழ்த்த, இந்தியா ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் இங்கிலாந்தை வென்றது. டெஸ்டில் இந்தியாவின் முதல் வெற்றி அதுவே. அமர் சிங் மறைந்து அப்போது பன்னிரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.