சிக்சர் மன்னர் சி. கே. நாயுடு

ஏழே டெஸ்ட் பந்தயங்கள், 350 ஓட்டங்கள், சதம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் சி. கே. நாயுடுவை ஒரு சாதாரண ஆட்டக்காரர் என்றே எண்ணிவிடக்கூடும். இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 36 என்பதை அந்தக் கணக்கு சொல்லாதே!

1895-இல் நாகபுரியில் பிறந்தவர் கோட்டாரி கனகையா நாயுடு. 1926-இல் கில்லிகன் தலைமையில் வந்த எம்.சி.சி. அணி பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணியைச் சந்தித்தது. ஆங்கிலேயரான ஏர்ல் எட்டு சிக்சர்கள் அடித்து 130 ஓட்டங்கள் குவித்தார். மறுநாள் நாயுடு மட்டையைச் சுழற்றினார். இரண்டு மணி நேரத்திற்குள் 153 ஓட்டங்கள். அவற்றில் பதினொரு சிக்சர்கள்! நம்மை ஆண்டவர்களின் பந்துகள் எல்லைக்கு அப்பால் பறப்பதைக் கண்ட கூட்டத்துக்கு அது வெறும் விளையாட்டாகவா இருந்திருக்கும்? எதிரணியினரே அவருக்கு வெள்ளி மட்டை பரிசளித்தனர்.

1932-இல் அணித்தலைவரான போர்பந்தர் மகாராஜா பெருந்தன்மையுடன் விலகிக்கொள்ள, லார்ட்ஸ் மைதானத்தில் நம் முதல் டெஸ்டுக்கு நாயுடு தலைமை ஏற்றார். பந்தைத் தடுத்தபோது கையில் பட்ட காயத்துடன் 40 ஓட்டங்கள் எடுத்தார். அந்த இன்னிங்ஸில் நம்மவர் எவரும் அதைத் தாண்டவில்லை. அந்தப் பயணத்தில் அவர் அடித்த சிக்சர்கள் 32.

1936-இல் தலைமைப் பதவி விஜயநகரம் இளவரசருக்குப் போயிற்று. ஆட்டத் திறமைக்காக அன்று என்பது தெளிவு. நாயுடுவோ ஓவல் மைதானத்தில், உடலில் பலத்த அடிபட்டும் களத்தைவிட்டு அகலாமல் 81 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட்.

ஆனால் மட்டையை அவர் கீழே வைக்கவில்லை. ஹோல்கர் அணிக்கு ரஞ்சிக் கோப்பைகளை வென்று தந்தார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற பின்னரும், 61 வயதில், உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடினார். 1967 நவம்பரில் இந்தூரில் காலமானார்.