தேயிலை வணிகர் சேர் தோமஸ் லிப்டன்

வறுமையிற் பிறந்து, முயற்சியால் உயர்ந்து, தேடிய பொருளை ஏழைகளுக்கே விட்டுச் சென்ற வணிகர் சிலருள் சேர் தோமஸ் லிப்டன் ஒருவர். அவர் பிறந்தது ஸ்கொத்லாந்து தேசம். அவருடைய பெயரை உலகெங்கும் பரப்பியதோ நமது மலைநாட்டுத் தேயிலை. ஆகையால் அன்னாரின் வரலாறு நம்மவரும் அறியத்தக்கது.

லிப்டன் 1848ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலே பெரும் பஞ்சம் வாட்டிய காலத்தில் பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்தவர்கள். வெண்ணெயும் முட்டையும் இறைச்சியும் விற்ற சிறு கடையே குடும்பத்தின் சீவனம். வீட்டு நிலை கருதி லிப்டன் சிறு வயதிலேயே படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். கப்பலில் எடுபிடிப் பையனாக உழைத்துச் சேர்த்த காசைக்கொண்டு, இருபது வயதாகுமுன்னரே அமெரிக்காவுக்குப் பயணமானார்.

அங்கே புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் பாடுபட்டபின் நியூயோர்க் நகரிலே ஒரு பெருங்கடையில் அமர்ந்தார். பண்டங்களைக் கண்கவர அடுக்குதல், வருவோரை இன்முகங் காட்டி வரவேற்றல், விளம்பரஞ் செய்தல் ஆகியவற்றை அங்கே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1871ஆம் ஆண்டு கிளாஸ்கோவிலே தமது முதற் கடையைத் திறந்தார்.

அவருடைய வெற்றியின் இரகசியம் எளிமையானது. உற்பத்தியாளரிடமே நேராகச் சென்று, கைக்காசு கொடுத்து வாங்கினார். இடைத்தரகருக்குப் போகும் பணம் மிஞ்சியது. அதனால் மற்றையோரிலும் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. 1881ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டியொன்றை வரவழைத்து, அதனுள்ளே பொற்காசுகளைப் புதைத்து, வெட்டி விற்றார். சனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். நாளடைவில் பிரித்தானியாவின் நகரங்கள் பலவற்றில் அவருடைய கடைகள் எழுந்தன.

இலங்கையிலே கோப்பிச் செடிகளை 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் பற்றி அழித்தது. தோட்டக்காரர் பலர் நொடித்துப்போயினர். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையிலே பயிரிட்ட தேயிலையே நாட்டுக்குப் புதுவழி காட்டியது. 1890ஆம் ஆண்டு இங்கு வந்த லிப்டன், அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேத்தன்ன முதலிய தோட்டங்களை மலிவாக வாங்கினார். இறாத்தல் மூன்று சிலிங் வரை விற்ற தேயிலையை ஒரு சிலிங் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். கடைக்காரர் அள்ளி நிறுத்துக் கொடுத்த வழக்கத்தை விட்டு, நிறையும் தரமும் உறுதிசெய்த பொதிகளிலே தமது பெயரைப் பொறித்து விற்றார். அந்தந்த ஊரின் தண்ணீருக்கேற்பத் தேயிலையைக் கலந்தும் கொடுத்தார். செல்வர் வீட்டுப் பானம் ஏழைத் தொழிலாளியின் அடுக்களைக்கும் வந்தது.

1898ஆம் ஆண்டு தமது வியாபாரத்தைப் பங்குக் கம்பனியாக்கினார். பங்கு வாங்கப் பொதுமக்கள் போட்டியிட்டனர். சேர் பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, விக்டோரியா மகாராணியின் வைர விழாவின்போது, இலண்டன் ஏழைகளின் விருந்துக்கு 25,000 பவுண் வழங்கியிருந்தார். அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் பந்தயத்தில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். எனினும் முகங்கோணாத அவரை வென்ற நாட்டாரே கொண்டாடினர். 1931ஆம் ஆண்டு காலமானார். செல்வத்தின் பெரும்பகுதி பிறந்த நகரின் ஏழைகளுக்குச் சென்றது. உடல் பெற்றோரின் அருகிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

இவ்வளவும் ஒரு பக்கம். அந்தப் பொதிக்குள் இருந்த கொழுந்தைக் கிள்ளியவர் யார்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காடு கடந்து, கால்நடையாய் வந்த நம் மக்கள். குளிரிலும் மழையிலும் கூடை சுமந்து, லயன் அறைகளிலே குடியிருந்தவர்கள். தேயிலை மலிவாய் விற்றதற்கு அவர்களுடைய குறைந்த கூலியும் ஒரு காரணம். லிப்டன் மறைந்து பதினேழு ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கடைசியாக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. லிப்டன் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்த மலையுச்சி அவர் பெயராலேயே வழங்குகிறது. கொழுந்து கிள்ளியவர்களின் பெயரோ எந்தப் பொதியிலும் இல்லை.

எத்தாளை இளைஞர்களே! நமது கரையின் கருவாடும், மணற்றரையில் விளையும் வெங்காயமும் மிளகாயும் பெயரில்லாமலே வெளியூர்ச் சந்தைக்குப் போகின்றன. தரம் பேணுதல், நேர்மையாய் நிறுத்தல், தரகரை நம்பியிராது வாங்குவோரை நேரே நாடுதல், தம் பொருளுக்குத் தம் பெயரிடத் துணிதல் ஆகியவற்றை லிப்டனிடம் கற்போம். அவர் இறந்தபின் பிறந்த ஊர் ஏழைக்குக் கொடுத்தார். நாம் உழைப்பவன் கையில் அவனுக்குரிய பங்கை அன்றன்றே வைப்போம். அதுவே வணிகத்தின் முதல் அறம்.